நானே விழுந்துட்டேன் என்று சொன்னவன்

ஆஸ்பத்திரியில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "எப்படி ஆச்சு?" என்பதுதான். அதற்கு நான் சொன்ன பதில் பொய். அந்தப் பொய்யைத் திருத்திச் சொல்ல எனக்கு ஆறு நாள் பிடித்தது. யாருக்காவது அப்படி ஒரு காலை நேரம் வந்துவிட்டால், அந்த ஒரு கேள்விக்காவது உள்ளதைச் சொல்லுங்கள் என்பதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்து கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

என் பெயர் ஏழுமலை. கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் வீடு. நாலு கறவை மாடு. வேங்கிக்காலில் புதிதாக வீடு கட்டி வந்தவர்கள் முப்பது பேருக்கு மேல் என்னிடம் பால் வாங்குகிறார்கள். மற்ற பால்காரர்கள் தெருமுனையிலேயே "பாலு!" என்று குரல் கொடுப்பார்கள். எனக்கு அது வராது. கூச்சம். அளக்கிற லிட்டர் குவளையால் கேன் மூடியில் இரண்டு தட்டு தட்டுவேன். அந்தச் சத்தம் கேட்டுப் பாத்திரத்தோடு வருவார்கள். அளந்து ஊற்றிவிட்டுப் போய்விடுவேன். என் குரல் எப்படி இருக்கும் என்று பாதிப் பேருக்குத் தெரியாது.

அன்றைக்குக் காலை ஆறேகால் இருக்கும். ஒரு வீட்டில் ஊற்றிவிட்டு அடுத்து சிவப்பு கேட் வீட்டுக்குப் போக மொபெட்டை நகர்த்தினேன். தெருவின் இடது ஓரமாகத்தான் போனேன். வலது பக்கத்துச் சந்திலிருந்து ஒரு கார் நிற்காமல் வந்து ஏறியது. விழுந்தது ஞாபகம் இல்லை. தார் ரோட்டில் பால் ஓடியது ஞாபகம் இருக்கிறது. இருபது லிட்டர் போச்சே என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் வலது காலைப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே, மடங்கக் கூடாத இடத்தில் அது மடங்கியிருந்தது.

காரை ஓட்டியது ஒரு பெண். பெயர் சுகந்தி என்று பிறகு தெரிந்தது. புருஷனோடு முதல் நாள் கிரிவலம் வந்துவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா இறங்கி ஓடி வந்து, போட்டிருந்த துப்பட்டாவை உருவி என் காலைச் சுற்றிக் கட்டினார். "அண்ணா, கண்ணை மூடாதீங்க அண்ணா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். என்னை அதே காரின் பின் சீட்டில் ஏற்றினார்கள். புருஷன் ஓட்டினார். என் தலை அந்த அம்மாவின் மடியில் இருந்தது. அவர்கள் துணியெல்லாம் என் ரத்தம். என் பெண்டாட்டியைத் தவிர ஒரு பெண்பிள்ளை என்னை இப்படித் தாங்கியதில்லை. வலியைவிட வெட்கம் ஜாஸ்தியாக இருந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் அவசர சிகிச்சைப் பிரிவில் டியூட்டி டாக்டர் ஒரு பெரிய புத்தகத்தைத் திறந்தார். அதை விபத்துப் பதிவேடு என்கிறார்கள். அடிபட்டு வருகிறவரை யார் கூட்டி வந்தார்கள், எங்கே காயம், எப்படி அடிபட்டது என்று அதில் எழுதுவார்கள். போலீசுக்கும் கோர்ட்டுக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அதுதான் முதல் ஆதாரம். அப்போது எனக்கு அது தெரியாது.

"எப்படி ஆச்சு?"

அந்த அம்மாவைப் பார்த்தேன். என் ரத்தம் பட்ட கையைத் தன் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் புருஷன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த அம்மாவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விடும் என்று நினைத்தேன். மடியில் தலையைத் தாங்கியவரைக் கைகாட்ட வாய் வரவில்லை.

"நானே விழுந்துட்டேங்க. வண்டி சறுக்கிடுச்சு" என்றேன்.

டாக்டர் அப்படியே எழுதினார். அவர் மேல் குற்றம் இல்லை. நோயாளி சொல்வதைத்தானே எழுத முடியும்.

எக்ஸ்ரே எடுக்க வரிசையில் ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தபோது என் மனைவி பச்சையம்மாள் வந்து சேர்ந்தாள். அழவில்லை. என் முகத்தைத் தடவிப் பார்த்தாள். தலைக்கவசம் போட்டிருந்தேனா என்று கேட்டாள். லைசென்ஸ் சட்டைப் பையில் இருக்கிறதா என்று பார்த்தாள். நர்ஸ் கத்தரித்துப் போட்ட பேண்டையும் சட்டையையும் ஒரு கட்டைப்பையில் போட்டுக் கட்டினாள். ரத்தம் பட்ட துணியை வீட்டுக்குக் கொண்டு போகாதே, எரித்துவிடு என்று கூட வந்த உறவுக்காரப் பெண் சொன்னாள்.

"எரிக்கறதுக்கு இப்ப இன்னா அவசரம்? ஒரு வருசம் கழிச்சு எரிச்சாலும் எரியும்" என்றாள் பச்சையம்மாள்.

அதற்குள் என் தம்பி மொபெட்டை மெக்கானிக்கிடம் கொண்டு போய்விட்டான். உடைந்த வண்டி வீட்டு வாசலில் நிற்கக் கூடாது, உடனே சரி பண்ணி எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றிவிட வேண்டும் என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். இவள் ஆஸ்பத்திரியிலிருந்தே போன் போட்டாள். "வண்டில ஒரு போல்ட்டக்கூட கழட்டக் கூடாது. நெளிஞ்ச கேனையும் தட்டக் கூடாது. அப்படியே கொண்டாந்து கொட்டாயில போடு."

இவளுக்கு இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். சில வருஷம் முன்னால் எங்கள் செவலைப் பசு வயிறு உப்பிச் செத்துப்போனது. இன்சூரன்ஸ் கட்டி, காதில் கம்பெனியின் மஞ்சள் அடையாள வில்லை போட்ட மாடு. கம்பெனிக்குச் சொல்லி, கால்நடை டாக்டர் வந்து பார்த்த பிறகுதான் புதைக்க வேண்டும். எனக்கும் அது தெரியும். ஆனால் பால் கொடுத்த மாடு ஈ மொய்க்கக் கிடக்கிறதே என்று மனசு கேட்காமல், மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, புதுத் துண்டு போர்த்தி அன்று சாயங்காலமே புதைத்துவிட்டேன். வில்லையும் காதோடு மண்ணுக்குள் போய்விட்டது. மறுநாள் வந்த கம்பெனிக்காரர்கள் தோண்டிக் காட்டச் சொன்னார்கள். முடியாது என்றுவிட்டேன். ஒரு ரூபாய் வரவில்லை. அன்றைக்கு அவள் என்னைத் திட்டவில்லை. பாடம் மட்டும் படித்துக்கொண்டாள்.

காலில் எலும்பு இரண்டும் உடைந்து, ஒன்று தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தது. அப்படி வெளியே தெரிந்துவிட்டால் உடனே உள்ளே கம்பி வைத்து மூடிவிட முடியாதாம். மண்ணும் கிருமியும் உள்ளே போயிருக்கும். முதலில் கழுவி, செத்த சதையை வெட்டி எடுத்து, புண் ஆறுகிற வரைக்கும் எலும்பை வெளியிலிருந்து பிடித்து வைக்க வேண்டும். முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துவிட்டது. ஆனால் காது கேட்டது. தச்சர் வீட்டில் கேட்கிற துளை போடும் சத்தம் என் காலிலிருந்து வந்தது. வெளியே வந்து பார்த்தபோது, பந்தலுக்குக் கால் நட்ட மாதிரி எலும்பிலிருந்து நாலு கம்பி நீட்டிக்கொண்டு, அவற்றை ஒரு நீளக் கம்பி சேர்த்துப் பிடித்திருந்தது.

வார்டில் எனக்குப் பெரிய பயம் மலம் கழிக்கிற தட்டுதான். இரண்டு நாள் சோறே வேண்டாம் என்றேன். பச்சையம்மாள் புரிந்துகொண்டாள். தன் மாற்றுச் சேலையை விரித்துக் கட்டிலுக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டு, பக்கத்துக் கட்டில்காரரிடம் சத்தமாக ஊர்க்கதை பேசினாள். எனக்காகத்தான் அந்தச் சத்தம்.

பக்கத்துக் கட்டில்காரர் குமரேசன். கீழ்பென்னாத்தூரில் வேன் ஓட்டுகிறவர். தோளெலும்பு உடைந்து வந்திருந்தார். "இருவது வருசம் வேன் ஓட்டி ஒரு கீறல் இல்ல. முருங்கக்காய் பறிக்க ஏறி விழுந்துட்டேன். வெளிய சொன்னா மானம் போவும்" என்று சிரிப்பார்.

மூன்றாம் நாள் காலையில் டாக்டர்கள் கட்டில் கட்டிலாக வந்தபோது நர்ஸ் என் சீட்டைப் படித்தார்: இரு சக்கர வாகனத்திலிருந்து தானே விழுந்தவர். அவர்கள் நகர்ந்ததும் குமரேசன் எழுந்து உட்கார்ந்தார்.

"யோவ் பால்காரரே, தானே விழுந்தவன் நானு. உன்ன கார் தூக்கிச்சுனு உன் சம்சாரம் சொல்லுது. சீட்டுல வேற மாதிரி இருக்குதே?"

பச்சையம்மாள் கஞ்சி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"இன்னாய்யா சொன்ன டாக்டராண்ட?"

சொன்னேன். ஏன் சொன்னேன் என்றும் சொன்னேன். சேலைத் தலைப்பை முகத்தில் வைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கிறாள்.

"சட்டய எடுத்து வச்சேன், வண்டிய எடுத்து வச்சேன், கேன எடுத்து வச்சேன். நீ மறுபடியும் வில்லையக் கொண்டு போய்ப் பொதச்சிட்டு வந்திருக்கிற."

குமரேசன்தான் விளங்க வைத்தார். நான் நினைத்த மாதிரி, கேஸ் போட்டால் அந்த அம்மா கையை விட்டு நஷ்ட ஈடு கட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு காருக்கும், அது இடித்து அடுத்தவருக்கு அடிபட்டால் கொடுக்கவென்றே இன்சூரன்ஸ் உண்டு. அது இல்லாமல் ரோட்டில் ஓட்டவே கூடாது. கொடுக்கப் போவது கம்பெனி. "ஆனா நீயே விழுந்தேனு நீயே சொல்லிட்டா அவன் எதுக்குய்யா குடுப்பான்? ரோட்டு மேலயா கேஸ் போடுவ?"

என் கால் நடக்க எட்டு மாசமோ ஒரு வருஷமோ ஆகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குந்தி உட்கார்ந்து பால் கறக்க முடியுமா என்பதே சந்தேகம். இன்சூரன்ஸ் வரவில்லை என்றால் மாடுகளை விற்பதைத் தவிர வழி இல்லை. பச்சையம்மாள் அதைச் சொல்லவில்லை. "போலீஸ்காரர் வந்தா உள்ளதச் சொல்லிடு. சொல்லுவ இல்ல?" என்று மட்டும் கேட்டாள். தலையாட்டினேன்.

"தலையாட்டறது பதிவாவாது. வாயத் தொறந்து சொல்லணும்."

அடுத்த இரண்டு நாளில் அவள் செய்ததை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது. விடியற்காலையில் மாடு கறந்து, முதல் பஸ்ஸில் கேனோடு ஏறி, நான் ஊற்றுகிற வீடுகளுக்கெல்லாம் போய் ஊற்றினாள். ஊற்றுகிற இடத்திலேயே கேட்டாள், அன்றைக்கு யார் பார்த்தீர்கள் என்று. சிவப்பு கேட் வீட்டம்மா பார்த்திருந்தார். "பக்கத்து வீட்டுல தட்டற சத்தம் கேட்டுச்சு. அடுத்தது நம்ம வீடுனு குண்டானோட வந்து நின்னேன். சந்துல இருந்து கார் நிக்காம வந்துச்சு" என்றாராம். எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன் என்றும் சொல்லியிருக்கிறார்.

வார்டுக்கு ஒரு ஆள் பைலோடு வந்தான். எல்லாக் கட்டிலிலும் காலைத் தூக்கிப் பார்த்து, "பெரிய தொகை வாங்கித் தரேன், இதுல கையெழுத்து போடுங்க" என்றான். எழுதாத வெற்றுத் தாள்.

"இன்னாய்யா, மாட்டு தரகன் பல்லப் புடிச்சுப் பாக்கற மாதிரி பாக்கற? எழுதாத தாள்ல கையெழுத்து எதுக்கு?" என்று அவள் கேட்டதும் ஆள் போய்விட்டான். அன்று மத்தியானமே கோர்ட்டில் இருக்கிற இலவச சட்ட உதவி மையத்தை விசாரித்துப் போனாள். அங்கே ஒரு வக்கீலம்மா பொறுமையாகக் கேட்டிருக்கிறார். தவறான பதிவு இருந்தாலும், போலீசில் நடந்ததையும் ஏன் முதலில் மாற்றிச் சொன்னேன் என்பதையும் மறைக்காமல் எழுதிக் கொடுங்கள், நாள் தள்ளத் தள்ளத்தான் கெடுதல், கோர்ட்டில் மனுவை ஆறு மாசத்துக்குள் போட்டுவிட வேண்டும், வண்டியை இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கும் வரை தொடாதீர்கள் என்றாராம். "அத மட்டும் நானே பண்ணிட்டேன்மா" என்றாளாம் இவள்.

சுகந்தியின் புருஷனும் ஒருமுறை ஆப்பிளோடு வந்தார். கெட்டவர் இல்லை. பயந்தவர். "கேஸ் எல்லாம் வேணாங்க, செலவ நாங்க பாத்துக்கறோம்" என்றார்.

"எத்தினி மாசம் பாப்பீங்க சார்? உங்களுக்கும் குடும்பம் இருக்குது. காருக்கு இன்சூரன்ஸ் இருக்குதா?"

"இருக்குது."

"அப்ப அத வச்சிகினு எதுக்கு உங்க கைக்காச குடுக்கறீங்க?"

அவர் ஆப்பிளை வைத்துவிட்டுப் போனார்.

ஆறாம் நாள் ஏட்டு வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நோட்டை முழங்காலில் வைத்துக்கொண்டார். அதே நேரத்தில் வார்டு வாசலில் சுகந்தி வந்து நின்றார். அன்றைக்குப் பிறகு அவரைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கையில் ஒரு பிளாஸ்க்.

"பதிவேட்டுல நீங்களே விழுந்ததா இருக்குது. உங்க சம்சாரம் வேற மாதிரி சொல்றாங்க. எது உண்மை?" என்றார் ஏட்டு.

எனக்கு யாரையும் முகத்தைப் பார்த்துப் பேச வராது. காலைத்தான் பார்ப்பேன். சுகந்தியின் செருப்பு தெரிந்தது. பச்சையம்மாள் என் கையைப் பிடிக்கவில்லை, இடிக்கவும் இல்லை. எனக்காக அவள் பேசிவிடுவாள் என்று காத்திருந்தேன். அவள் பேசவில்லை.

"கார் இடிச்சதுங்க" என்றேன்.

"சத்தமா சொல்லுங்க."

"கார் இடிச்சதுங்க. நானா விழல. சந்துல இருந்து வந்துச்சு. அந்தம்மா என் தலைய மடில வச்சிகினு தூக்கியாந்தாங்க. அவங்களக் காட்டிக்குடுக்க மனசு வராம நானே விழுந்தேன்னு சொல்லிட்டேன். அது பொய்ங்க."

ஒரே மூச்சில் அவ்வளவு நான் பேசியதே இல்லை. செருப்பு நகர்ந்து கட்டிலுக்கு அருகில் வந்தது.

"எழுதிக்கோங்க சார். நான்தான் ஓட்டினேன். திரும்பும்போது இடது பக்கம் பாக்கல. அன்னைக்கே நான் சொல்லியிருக்கணும். வாய் வரல" என்றார் சுகந்தி. பிறகு என்னிடம், "அண்ணா, நீங்க எனக்காகப் பொய் சொல்றதப் பாத்துக்கிட்டு நின்னேனே, அதுல இருந்து அஞ்சு நாளா நான் தூங்கல" என்றார்.

பச்சையம்மாள் இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காரும்மா. பிளாஸ்க்குல இன்னா?" என்றாள்.

"பால்."

"பால்காரன் வூட்டுக்குப் பாலா!" என்றார் குமரேசன். ஏட்டு உட்பட எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

எப்.ஐ.ஆர். போட்டார்கள். அதுதான் போலீஸ் எழுதும் முதல் தகவல் அறிக்கை. மோட்டார் வாகன இன்ஸ்பெக்டர் வந்து கொட்டகையில் கிடந்த மொபெட்டைப் பார்த்தார். கேன் நெளிந்த இடத்தில் காரின் நீல பெயிண்ட் ஒட்டியிருந்தது. அதைப் போட்டோ எடுத்துக்கொண்டார். சுகந்தி போலீஸ் ஸ்டேஷன் வந்தார், அவரை அங்கேயே ஜாமீன் கொடுத்து அனுப்பினார்கள். நான் பயந்த மாதிரி யாரும் யாரையும் இழுத்துக்கொண்டு போகவில்லை. பிறகு அபராதம் கட்டினார். அதுவும் என் மனதை உறுத்தியது. அவர் வருத்தப்படவில்லை.

மூன்று வாரம் கழித்துப் புண் ஆறியதும் வெளிக்கம்பியை எடுத்துவிட்டு எலும்புக்கு உள்ளே நீளக் கம்பி வைத்தார்கள். டிஸ்சார்ஜ் சீட்டு, எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு, ஆட்டோ ரசீதுவரை ஒன்று விடாமல் பழைய அரிசிப் பையில் போட்டு வைத்தாள் பச்சையம்மாள். கால் எவ்வளவு ஊனம் என்று மருத்துவக் குழு பார்த்துக் கொடுத்த சான்றும் அந்தப் பையில்தான். கோர்ட்டில் கம்பெனி வக்கீல் அந்தப் பழைய பதிவைத்தான் திரும்பத் திரும்பக் காட்டினார். நானும் ஏட்டிடம் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். சிவப்பு கேட் வீட்டம்மா வந்து சொன்னார். சுகந்தி அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்து சொன்னார். கடைசியில் நீதிபதி எங்கள் பக்கம் உத்தரவு போட்டார். மாடுகள் நாலும் எங்கள் கொட்டகையிலேயே இருக்கின்றன. சுகந்தி கிரிவலம் வந்தால் எங்கள் வீட்டுக்கு வராமல் போவதில்லை.

உத்தரவு வந்த பிறகுதான் பச்சையம்மாள் கேனைத் தட்டி நிமிர்த்த விட்டாள். சட்டையையும் எரித்தாள்.

அதற்கு அடுத்த வாரம் நான் மறுபடி பால் ஊற்றக் கிளம்பினேன். கொஞ்சம் தாங்கித் தாங்கித்தான் நடக்கிறேன். முதல் நாள் என்பதால் அவளும் வந்தாள். சிவப்பு கேட் வீட்டு முன் நிறுத்தி, கேன் மூடியில் இரண்டு தட்டு தட்டினேன். கதவு திறக்கவில்லை. மறுபடி தட்டினேன். யாரும் வரவில்லை. அப்போதுதான் புரிந்தது. இத்தனை மாதமாக இந்தத் தெருவில் பச்சையம்மாள் குரல் கொடுத்துத்தான் பால் ஊற்றியிருக்கிறாள். தட்டுகிற சத்தம் யாருக்கும் இப்போது பாலாகத் தெரியவில்லை.

அவளைத் திரும்பிப் பார்த்தேன். கையைக் கட்டிக்கொண்டு வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாயைத் திறக்கவில்லை.

"பாலு!" என்றேன்.

உள்ளே தாழ்ப்பாள் நகர்ந்தது. "யாரது, புதுக் குரலா இருக்குது?" என்று கேட்டுக்கொண்டே வீட்டம்மா குண்டானோடு வந்தார்.

"நான்தாங்கம்மா" என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.